ஏழு மரத்துக்கு ஒரு காவல்

கொல்லிமலையில் சும்மா நடப்பவர் என்று எவரும் கிடையாது. தலையில் புல்லுக்கட்டு இருந்தால் நடக்கலாம், தோளில் மண்வெட்டி இருந்தால் நடக்கலாம், பஸ்ஸைத் தவறவிட்டால் நடந்துதான் ஆகவேண்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு ஒருவர் ரோட்டில் போனால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். பின்னால் பைக்கில் வருபவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டு, நாலு நல்ல வார்த்தையும் சொல்லி, கொண்டுபோய் விடுவார். ஏற மாட்டேன் என்றால் சண்டை கொஞ்சம் பெரிது என்று எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மலைக்கு மணப்பாறைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சர்வேயர் இமானுவேல், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, கையில் ஒன்றுமில்லாமல் வாசலூர்பட்டி ரோட்டில் நடந்தார். வெறுமனே நடந்திருந்தாலும் மன்னித்திருப்பார்கள். மனிதர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். நூறு வந்ததும் பேண்ட்டின் இடது பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வலது பையில் போட்டார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நிலம் அளக்கிற உத்தியோகஸ்தர் ரோட்டை எண்ணிக்கொண்டு போனால் அதன் பொருளைத் தெரிந்துகொள்ள ஜோசியரிடமா போகவேண்டும்?

டீக்கடை அர்த்தனாரிதான் முதலில் கண்டுபிடித்தார். அவர் கடையில் டீ ஆறிப்போயிருந்தாலும் செய்தி எப்போதும் சூடாக இருக்கும். ஏரியில் படகு விட வரும் டூரிஸ்ட் பஸ்கள் திரும்ப இடம் போதவில்லையாம், ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம், இந்தப் பக்கம் இருபது அடி, அந்தப் பக்கம் இருபது அடி என்று காலை ஏழு மணிக்குச் சொல்ல ஆரம்பித்தார். பத்து மணிக்குள் அது நாற்பது அடியாக வளர்ந்துவிட்டது.

அந்த நாற்பது அடிக்குள் பொன்னாயியின் ஏழு சில்வர் ஓக் மரங்கள் இருந்தன.

பொன்னாயிக்கு வயது ஐம்பத்தொன்று. ஒரு காலத்தில் அந்த ரோட்டில் போகிற எந்த வண்டியும் அவளிடம் ஒரு பேச்சு வாங்காமல் போனதில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் காளியண்ணன் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். மரவள்ளிக் காட்டைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டாள். ஆடு இரண்டையும் விற்றாள். கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். டி.வி.யைப் பார்த்தாளா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரை இருண்டு கிடப்பதே அவளுக்குத் தெரிந்தது. பசித்தால் ஒரு வாய், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள், உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் தேன்மொழி தினமும் போன் பண்ணினாள். ஊட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிடு என்றாள். பொன்னாயி சரி என்றாள். எல்லாவற்றுக்கும் அவள் சரிதான் சொன்னாள். இருக்கிற வார்த்தைகளிலேயே சொல்வதற்குச் சிரமமில்லாத வார்த்தை அது. மாசியில் மிளகு பறித்த கையோடு, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துக்கொண்டு வருவதாகத் தேன்மொழி நாள் குறித்தாள். அதற்கும் சரி.

அப்படி எல்லாவற்றையும் விட்டவள் விடாமல் வைத்திருந்தது இந்த ஏழு மரங்களைத்தான். காளியண்ணன் நட்டது, அவர் கையால் மிளகுக்கொடி ஏற்றிவிட்டது. பக்கத்து வீட்டு வேலம்மாள் ஜன்னலைத் தட்டி, உன் மரத்தை அளக்கிறார்கள் என்று சொன்னபோது பொன்னாயி படுத்திருந்தாள். அடுத்த நிமிஷம் எழுந்து உட்கார்ந்தாள். பல மாதம் கழித்து அவளுக்குக் கோபம் வந்தது, அது கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோரம் மரத்தின் பின்னால் நின்றாள். பனிக்குள்ளிருந்து எண்ணிக்கை வந்தது, பிறகு சர்வேயர் வந்தார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. சரியாக அவளுடைய மூன்றாவது மரத்தடியில் நின்று, பத்தாவது கல்லைப் பையில் போட்டு, அண்ணாந்து மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஊரில் எத்தனையோ மரம் இருக்க இந்த மரத்தைப் பார்த்து இவர் எதற்குப் பெருமூச்சு விடவேண்டும்? வெட்டப்போகிற ஆட்டைப் பார்க்கிற பார்வை என்று பொன்னாயி முடிவு கட்டினாள்.

அவர் நகர்ந்ததும் இவளும் நகர்ந்தாள். இருபது முப்பது அடி இடைவெளி விட்டு, படகுத்துறைவரை பின்னாலேயே போனாள். அவர் திரும்பியபோது இவளும் திரும்பினாள். எங்கே கல் நடுகிறார், எந்த மரத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார் என்று தெரியாமல் விடுவதாக இல்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

இப்படி ஒரு மாதம். மார்கழிப் பனியில் நாய்கள்கூடச் சுருண்டு கிடக்கும் நேரத்தில், முன்னால் எண்ணிக்கொண்டு ஒரு சர்வேயரும் பின்னால் முறைத்துக்கொண்டு ஒரு பொன்னாயியும் போனார்கள். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்து வணக்கம் சொன்னார். அவள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

காவல் வேலையில் சில இடைஞ்சல்கள் இருந்தன. முதலாவது பசி. படகுத்துறை போய்த் திரும்பினால் வயிறு கேட்டது. களி கிண்டவேண்டி வந்தது, களிக்குக் கீரை வேண்டியிருந்தது, கீரைக்காகப் பின்கட்டில் நாலு பாத்தி கொத்தவேண்டியிருந்தது. இரண்டாவது தூக்கம். ஒன்பது மணி நாடகம் முடிவதற்குள் கண் செருகியது. ஒன்றரை வருஷம் வராத தூக்கம், கேட்காமலே வந்தது. மூன்றாவது தலைமுடி. ரோட்டில் நாலு பேர் பார்க்கிற இடத்தில், அதுவும் வேலம்மாள் பார்க்கிற இடத்தில், சிக்குப் பிடித்த தலையோடு போக முடியுமா? எண்ணெய் வைத்து வாரினாள். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சர்வேயர்தான் என்று அவரை மனசுக்குள் திட்டினாள். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்ததில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

தை பிறந்த நாலாம் நாள் பொறுமை தீர்ந்தது. மூன்றாவது மரத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள். எண்ணிக்கொண்டே வந்தவர் தொண்ணூற்று நாலில் முட்டுவது போல வந்து நின்றார்.

“ஏனுங்க சார், என்ர மரத்தை என்னதான் பண்ணப் போறீங்க? வாயைத் தொறந்து சொல்லிப்போடுங்க.”

இமானுவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மரம் என்று கேட்டார். அவள் ரோடு, இருபது அடி, நாற்பது அடி, டூரிஸ்ட் பஸ், கல் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அவருடைய முகம் சிவந்தது. சிரிப்பா, வெட்கமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் சும்மா நடக்கிறேன் அம்மா என்றார்.

சும்மா நடக்கிறவர் எதற்கு எண்ணவேண்டும் என்று அவள் விடாமல் மடக்கினாள்.

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “டாக்டர் சொன்னாரும்மா. மாற்றலாகி வந்ததுல இருந்து மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தூக்கம் இல்ல. சோத்தைப் பார்த்தாலே வெறுப்பு. ரூமுக்குப் போனா விளக்கைக்கூடப் போடாம உக்காந்திருப்பேன். தினமும் நடங்க, எண்ணிக்கிட்டே நடங்க, அப்பத்தான் மனசு வேற பக்கம் ஓடாதுன்னாரு. ஆயிரத்துக்கு ஒருதரம் நின்னு பச்சையா எதையாவது பார்த்து மூச்சு விடச் சொன்னாரு. உங்க மரம் ஆயிரத்துல வருது, அவ்வளவுதான்.”

பொன்னாயிக்கு, யாரோ தன் வீட்டுக்குள் புகுந்து, இருட்டில் தான் உட்கார்ந்திருந்த இடத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருந்தது. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை.

“அப்படீன்னா நானும் கூட வாரேன். நெசமாலுமே மனசுக்குத்தான் நடக்கறீங்களா, இல்ல ரோட்டுக்கு நடக்கறீங்களான்னு பார்த்துப்போடலாம்.”

மறுநாளிலிருந்து பக்கத்திலேயே நடந்தாள். அவர் எண்ண, இவளும் எண்ணினாள். முதல் நாளே இருநூற்றுப் பத்தில் அவரைத் தப்பு பிடித்தாள். பத்து அடி சேர்த்துப் போட்டுவிட்டார் என்று நிறுத்தி வைத்து வாதாடினாள். இவ்வளவு மோசமாக எண்ணுகிறவரிடம் ஊர் நிலத்தையெல்லாம் கொடுத்திருக்கிறார்களே என்றாள். இமானுவேல் சிரித்தார். கொல்லிமலைக்கு வந்து முதல்முறையாகச் சிரிக்கிறேன் என்று அவரே சொன்னார்.

சர்வேயரைப் பொன்னாயி கைக்குள் போட்டுக்கொண்டு, ரோட்டைத் தன் பக்கம் விடாமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறாள் என்று ஊரில் அடுத்த செய்தி கிளம்பியது. எதிர்ப்பக்கத்தில் வேலம்மாளின் பலாமரம் இருந்தது. காடு மேடு ஏறி இறங்குகிற எங்களுக்கு நடை எதற்கு, அதெல்லாம் வேலை இல்லாத கீழ்நாட்டுக்காரர்கள் செய்கிற காரியம் என்று முந்தின நாள்வரை பேசிக்கொண்டிருந்த வேலம்மாள், மறுநாள் ஆறு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றாள். அடுத்த வாரம் டீக்கடையை மகனிடம் விட்டுவிட்டு அர்த்தனாரியும் வந்தார். செய்தி இருக்கிற இடத்தில்தானே அவர் இருக்க முடியும்? அவரால் படகுத்துறைக்குப் பாதி தூரம்கூட வர முடியவில்லை. மூச்சு வாங்க மதகில் உட்கார்ந்து, நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயிருந்து கவனிக்கிறேன் என்றார். பத்து நாளில் முழு தூரமும் வந்தார்.

மாசி முதல் வாரத்தில் ரோட்டு வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். தார் டின்னைச் சூடு பண்ணினார்கள், குழியையெல்லாம் அடைத்தார்கள், சாயங்காலம் லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு அடிகூட அகலமாகவில்லை. அர்த்தனாரி, இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார்.

மரம் தப்பித்தது. பொன்னாயி ஏழு மரத்துக்கும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். இனிமேல் காவல் தேவையில்லை, பனியில் எழுந்து போகவேண்டிய அவசியமில்லை, அப்பாடா என்று போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்தது. புரண்டு படுத்தாள். ஆறு மணிக்கு ரோட்டில் எண்ணிக்கை கேட்டது, வீட்டைத் தாண்டிப் போயிற்று. காலை நீட்டினாள், மடக்கினாள். ஏழு மணிக்குப் பாலில் தண்ணீர் என்று பால்காரரோடு சண்டை போட்டாள். எட்டு மணிக்கு ஒன்றும் செய்யாத சேவலைத் திட்டினாள். பத்து மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தபோது, பழைய பாரம் மெதுவாக வந்து நெஞ்சில் ஏறுவதை அவளே பார்த்தாள். அப்போதுதான் பயந்தாள். ரோடு போடுகிறார்கள் என்றபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

அடுத்த நாள் காலை, என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ரோட்டுக்கு வந்தாள். மூன்று பேரும் அங்கேதான் நின்றார்கள். வேலம்மாள் பால் வாங்க வந்தேன் என்றாள். கையில் செம்பு இல்லை. அர்த்தனாரி டாக்டர் சொன்னார் என்றார். அவர் எந்த டாக்டரிடமும் போனதில்லை. இமானுவேல் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

“நேத்து நீங்க வரலக்கா. உங்க வீட்டைத் தாண்டி அறுநூறுக்கு மேல எண்ணவே முடியல. என்னவோ போல இருந்துச்சு.”

“உங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே, நடங்க” என்றாள் பொன்னாயி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சந்தோஷத்தை மறைக்க முடிந்தது.

அதன் பிறகு யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை. மிளகு பறித்துக் காய வைத்தாயிற்று. குத்தகைக்கு விட்ட காட்டில் ஒரு துண்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிச் சாமை விதைக்கலாமா என்று யோசனை ஓடியது. தேன்மொழி போனில் வண்டி, வாடகை, அட்டைப்பெட்டி என்று பேசினாள். பொன்னாயி பழக்கதோஷத்தில் சரி, சரி என்றாள். மனசு சாமையில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் வழியில், இரண்டாம் ஆயிரத்தின் எழுநூற்றுச் சொச்சத்தில், பின்னாலிருந்து அம்மா, அம்மா என்று ஒரு குரல் கேட்டது. பொன்னாயி அப்போது அர்த்தனாரியைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். வேலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பொன்னாயியும் சிரித்தாள், அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டபோதுதான் திரும்பிப் பார்த்தாள். அவர்களைத் தாண்டிப் போன ஒரு சின்ன சரக்கு வண்டி வளைவில் நின்றது. அதிலிருந்து இறங்கிய தேன்மொழி, துப்பட்டாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“நிக்க முடியாது கண்ணு, எண்ணிக்கை போயிரும். வா, கூட நடந்துக்கிட்டே பேசு.”

தேன்மொழிக்கு முப்பது வயது முடியவில்லை. பனியன் கம்பெனியில் காலை முதல் இரவுவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. நூறு அடி ஓடியதற்கே மூச்சு இரைத்தது. ஊடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, என்ன ஆச்சோ என்று உயிரே போய்விட்டது என்று விட்டுவிட்டுச் சொன்னாள். பிறகு, சாமானெல்லாம் கட்டி வைத்தாயா என்று கேட்டாள்.

பொன்னாயிக்குச் சுருக்கென்றது. இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு தட்டுகூட எடுத்து வைக்கவில்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

“நான் வரலை கண்ணு.”

ஒன்றரை வருஷத்தில் அவள் சொன்ன முதல் மறுப்பு அதுதான். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் கோபித்துக்கொள்வாள், வண்டி வாடகையைச் சொல்லிக் காட்டுவாள் என்று காத்திருந்தாள். கோபம் வரவில்லை. தேன்மொழி அம்மாவின் வாரிய தலையை, முகத்தை, கொஞ்சம் தேறியிருந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீ நல்லாத்தான் இருக்கிறாய் என்றாள். பிறகு உதடு கோணிக்கொண்டு போயிற்று.

“உனக்காக மட்டும் கூப்பிடலம்மா. அப்பா போனதுல இருந்து எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது. ஆபீஸ்ல உக்காந்து அழுவேன், பாத்ரூம்ல போய் அழுவேன். நீ வந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன்.”

பொன்னாயி நின்றுவிட்டாள். எண்ணிக்கை எங்கேயோ போனது. தினமும் போனில் பேசிய பிள்ளை, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தினமும் கேட்ட பிள்ளை. நீ தூங்கினாயா என்று இவள் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அந்த நினைப்பு அவளை அறைந்தது. முன்னால் போன மூவரும் ஏதோ புரிந்தவர்களாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அர்த்தனாரிகூடத் திரும்பவில்லை என்பதைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும்.

தேன்மொழி ரோட்டோரத்தில் உட்காரப் போனாள். பொன்னாயி அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“உக்காராத சாமி. அழுதுக்கிட்டே நட, ஒண்ணும் ஆகாது. மார்கழி பூராவும் நான் அப்படித்தான் நடந்தேன். அதுக்குத்தான் அந்தச் சர்வேயருக்குப் பின்னாலயே போனேன்.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முப்பது அடி இடைவெளி காவலுக்காக என்று ஊரே நம்பியது, கதை சொல்லும் நாமும் அப்படியே சொல்லிவிட்டோம். துண்டு பனிக்காக என்றும் நம்பியாயிற்று. காவல் என்று அவள் போட்டு வைத்திருந்த முடிச்சை அவளே இப்போது மகளுக்காக அவிழ்த்தாள்.

தேன்மொழி நடந்தாள். முதலில் விசும்பல் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும், ஞாயிற்றுக்கிழமையில்கூட வீட்டைவிட்டு வெளியே போவதில்லை என்று சொன்னாள். திருப்பூரில் உன் வீட்டுப் பக்கம் காலையில் நடக்கிற மாதிரி ரோடு இருக்கிறதா என்று பொன்னாயி விசாரித்தாள். ஒரு பார்க் இருக்கிறது, உள்ளே போனதில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் பத்து நாள் வந்து இருக்கிறேன், அந்தப் பார்க்கை எனக்குக் காட்டு, ஆனால் ஊட்டைப் பூட்ட மாட்டேன், சாமை விதைக்கத் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். தேன்மொழி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கையை விடாமல், மெதுவாகப் போம்மா என்றாள். பொன்னாயி மெதுவாகப் போகவில்லை.